சட்ராஸ் கோட்டைக்கும் ஐரோப்பாவில் நின்ற ஒரு கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? போர்க்கால நடுநிலைச் சட்டம்: ஓர் எளிய விளக்கம்

சென்னையிலிருந்து ஈசிஆரில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களில் பலருக்கு மாமல்லபுரம்தான் முதல் ஸ்டாப். கடற்கரைக் கோயில், ஒரு பிளேட் மீன் வறுவல், நாலு செல்ஃபி. அப்புறம் நேராகப் புதுச்சேரி. நடுவில் கல்பாக்கம் வரும். அணுமின் நிலையம் இருக்கும் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒட்டியே, மாமல்லபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தெற்கே, சதுரங்கப்பட்டினம் என்ற ஊரும் அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு டச்சுக் கோட்டையும் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலேயர் வாயில் இந்த ஊர் 'சட்ராஸ்' ஆனது. இன்றைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செங்கல் மதில், பழைய கிடங்குகள், டச்சுக்காரர்களின் கல்லறைகள். மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம். ஆனால் 1781-ல் இந்தக் கோட்டை டச்சுக்காரர்கள் கையைவிட்டு ஏன் போனது என்று தேடினால், பதில் வங்காள விரிகுடாவில் இல்லை. நெதர்லாந்தின் வடக்கே டெக்செல் என்ற தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 1779-ல் சில கப்பல்கள் சுமார் 12 வாரம் நின்றன. அவற்றைப் பிடித்து வைக்க வேண்டுமா, போகவிட வேண்டுமா என்று டச்சு அரசால் முடிவெடுக்க முடியவில்லை. பின்னாளில் வந்த போருக்கு அதுவும் ஒரு காரணமானது.

போரில் சேராத ஒரு நாட்டுக்கு, போரிடுகிற ஒரு நாட்டின் ஆயுதக் கப்பல் வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும்? கேட்க சின்னக் கேள்வி. சர்வதேசச் சட்டம் இதற்குப் பதில் கண்டுபிடிக்க 100 வருடத்துக்கும் மேல் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் நம் கரைக்கு ஒரு பங்கு இருந்தது. வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், பிரச்சினை என்ன?

சிம்பிளா சொன்னால் இதுதான். 'அ' நாட்டுக்கும் 'ஆ' நாட்டுக்கும் சண்டை. நீங்கள் இரண்டிலும் சேராத 'இ' நாடு. 'அ' நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று அடிபட்டு, எரிபொருள் தீர்ந்து உங்கள் துறைமுகத்துக்குள் வருகிறது. மனிதாபிமானமாக இடம் கொடுத்துப் பழுதுபார்க்க உதவினீர்கள் என்றால், அதே கப்பல் நாளைக்கு வெளியே போய் 'ஆ' நாட்டுக் கப்பலை மூழ்கடிக்கும். "எங்கள் எதிரிக்கு நீங்கள்தான் சோறு போட்டீர்கள்" என்று 'ஆ' சண்டைக்கு வரும். உள்ளேயே விடாமல் விரட்டினால் 'அ' கோபித்துக்கொள்ளும். பிடித்து வைத்தாலோ, அதைப் போர் அறிவிப்பாகவே 'அ' எடுத்துக்கொள்ளலாம்.

நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். துறைமுகம் வைத்திருக்கிற நாட்டுக்கு அந்தச் சொகுசு கிடையாது. கப்பல் வந்துவிட்டால், ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதாகவே ஆகிவிடும்.

1779: டெக்செல்லில் நின்ற கப்பல்கள்

அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம். அமெரிக்கக் கொடியின் கீழ் சண்டையிட்ட ஜான் பால் ஜோன்ஸ் என்ற கேப்டன், 1779 செப்டம்பர் 23-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் 'செராபிஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பிடித்தார். அந்தச் சண்டையில் அவருடைய சொந்தக் கப்பலே மூழ்கிவிட்டது. பிடித்த கப்பலில் ஏறிக்கொண்டு, நூற்றுக்கணக்கான பிரிட்டிஷ் கைதிகளோடு அக்டோபர் 3-ல் டெக்செல் வந்து சேர்ந்தார். நெதர்லாந்து அப்போது நடுநிலை நாடு.

பிரிட்டிஷ் தூதர் ஜோசப் யார்க் உடனே டச்சு அரசிடம் போனார். "இவன் எங்கள் மன்னரின் குடிமகன். ராஜத்துரோகி, கடற்கொள்ளையன். கப்பல்களைப் பிடித்து எங்களிடம் ஒப்படையுங்கள்" என்பது அவர் வாதத்தின் சாரம். டச்சு அரசு நெளிந்தது. நடுக்கடலில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று தீர்ப்பு சொல்வது எங்கள் வேலை இல்லை, ஒதுங்க வந்தவர்களை ஒதுங்க விடுவோம், பிறகு போகச் சொல்வோம் என்ற பழைய கொள்கையைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் ஆம்ஸ்டர்டாமில் மக்கள் ஜோன்ஸை ஹீரோவாகக் கொண்டாடினார்கள். காயம்பட்டவர்களைக் கரையிறக்கவும் அனுமதி கிடைத்தது.

இங்கேதான் சட்டச் சிக்கல். ஜோன்ஸின் கப்பல் ஒரு நாட்டின் போர்க்கப்பலா, கொள்ளைக் கப்பலா? போர்க்கப்பல் என்று ஒப்புக்கொண்டால், அமெரிக்கா என்ற நாடு இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கொள்ளைக் கப்பல் என்றால் பிடிக்க வேண்டும். இரண்டையும் சொல்லாமல் டச்சு அரசு நாளைக் கடத்தியது. கடைசியில் 'செராபிஸ்' பிரெஞ்சுக் கொடிக்கு மாற்றப்பட்டது. ஜோன்ஸ் வேறு கப்பலில் ஏறி, வெளியே காத்திருந்த பிரிட்டிஷ் கப்பல்களை ஏமாற்றிவிட்டு டிசம்பர் 27-ல் கிளம்பிப் போனார்.

ஒரு வருடம் கழித்து, 1780 டிசம்பர் 20-ல், பிரிட்டன் நெதர்லாந்து மீது போர் அறிவித்தது. ஜோன்ஸ் விவகாரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. அமெரிக்கர்களோடு டச்சு வணிகர்கள் நடத்திய ஆயுத வியாபாரம், ஆம்ஸ்டர்டாம் ரகசியமாகத் தயாரித்த ஒப்பந்த வரைவு, ரஷ்யா தலைமையில் உருவான நடுநிலை நாடுகளின் கூட்டணி என்று காரணங்கள் நிறைய. ஆனால் பிரிட்டன் வாசித்த குற்றப்பட்டியலில் ஜோன்ஸும் இருந்தார்.

பில் வந்தது சதுரங்கப்பட்டினத்துக்கு

போர் அறிவித்த செய்தி கப்பலில் வர வேண்டிய காலம் அது. செய்தி சென்னைக்கு வந்ததும் இங்கிருந்த டச்சு ஊர்கள் ஒரே நாளில் 'எதிரி ஊர்கள்' ஆயின. 1781-ல் சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசம் போயின. அதே ஆண்டு நவம்பரில், சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்த நாகப்பட்டினமும் முற்றுகைக்குப் பிறகு விழுந்தது. டெக்செல்லில் யாரோ எடுக்காமல் விட்ட முடிவுக்கு, துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நம் கரையோர ஊர்களும் சேர்ந்து விலை கொடுத்தன.

கதை அதோடு முடியவில்லை. 1782 பிப்ரவரி 17-ல் இதே சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் பிரிட்டிஷ் கப்பல்கள். மறுபக்கம் ஹைதர் அலிக்கு உதவப் படை ஏற்றிக்கொண்டு வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பல்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இதன் பெயர் 'சட்ராஸ் போர்'. இரு தரப்பிலும் ஒரு பெரிய போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் அடிபட்ட ஹியூஸ் திருகோணமலைக்கு ஒதுங்கினார். சுஃப்ரன் படையைக் கரையிறக்கினார்.

இந்த சுஃப்ரன் இந்தியாவுக்கு வருகிற வழியிலேயே நடுநிலையை உடைத்துவிட்டுத்தான் வந்தார். 1781 ஏப்ரல் 16-ல், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளில் போர்ட்டோ பிராயா துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்த்தார். துறைமுகம் நடுநிலை நாடான போர்ச்சுகலுக்குச் சொந்தம். உள்ளே புகுந்து சுட்டார். போர்ச்சுகலால் அவரைத் தடுக்க முடியவில்லை.

ஆக, ஒரே போரில் இரண்டு பாடம். நெதர்லாந்து முடிவெடுக்கவில்லை, போரில் இழுக்கப்பட்டது. போர்ச்சுகலுக்குத் தடுக்கும் பலம் இல்லை. அதன் துறைமுகமே போர்க்களமானது. அன்றைக்குத் தெளிவான, எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிகளும் இல்லை.

1862: 'எண் 290' என்று ஒரு கப்பல்

அடுத்த திருப்பம் அமெரிக்க உள்நாட்டுப் போரில். தெற்கு மாநிலங்கள் பிரிட்டனின் பிர்கன்ஹெட்டில், லேர்டு நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தன. பிரிட்டன் இந்தப் போரில் நடுநிலை. கப்பலுக்குப் பெயர்கூட இல்லை, 'எண் 290' மட்டும்தான். பீரங்கி எதுவும் பொருத்தவில்லை. "நாங்கள் வெறும் கப்பல்தானே கட்டுகிறோம், ஆயுதம் எங்கே இருக்கிறது?" என்பது கட்டியவர்களின் வாதம். 1819-ல் போட்ட பழைய சட்டத்தில் அந்த ஓட்டை இருந்தது.

இது போர்க்கப்பல்தான் என்று அமெரிக்கத் தூதரகம் ஆதாரம் மேல் ஆதாரமாகக் கொடுத்தது. ஃபைல் நகர்ந்தது, ஆனால் நம் ஊர் ஃபைல் மாதிரி. கருத்து சொல்ல வேண்டிய சட்ட அதிகாரி ஒருவர் உடல்நலம் இல்லாமல் இருக்க, காகிதங்கள் அவர் வீட்டிலேயே கிடந்தன. கடைசியில் கப்பலைப் பிடிக்க உத்தரவு வருவதற்குள், 1862 ஜூலை 29-ல் 'சோதனை ஓட்டம்' என்று சொல்லி விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு 290 கிளம்பியது. விருந்தினர்கள் வேறு படகில் திரும்பி வந்தார்கள். கப்பல் வரவில்லை. அஸோர்ஸ் தீவுகளில் பீரங்கி ஏற்றிக்கொண்டு 'அலபாமா' என்று பெயர் சூட்டிக்கொண்டது.

அடுத்த 2 ஆண்டுகளில் அது சுமார் 65 கப்பல்களைப் பிடித்தது. பெரும்பாலானவற்றை எரித்தது. நம் பக்கமும் வந்தது: 1864 ஜனவரியில் கேரளக் கரையில் அஞ்சுதெங்கில் நங்கூரம் போட்டு, பிடித்து வைத்திருந்த மாலுமிகளைக் கரையிறக்கிவிட்டுப் போனது. அதே ஆண்டு ஜூன் 19-ல் பிரான்ஸ் கரையோரம் மூழ்கடிக்கப்பட்டது.

போர் முடிந்ததும் அமெரிக்கா பிரிட்டனிடம் கணக்கு கேட்டது. "நீங்கள் உரிய கவனம் எடுத்திருந்தால் இந்தக் கப்பல் கிளம்பியிருக்காது." 1872-ல் ஜெனீவாவில் நடுவர் மன்றம் கூடியது. தீர்ப்பு: பிரிட்டன் 1.55 கோடி டாலரைத் தங்கமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தது. அன்றைய உலகின் பெரிய கடற்படை வல்லரசு, ஒரு கப்பலை நேரத்துக்குப் பிடிக்காததற்காக அபராதம் கட்டியது. சண்டை இல்லாமல் ஒரு பெரிய வழக்கு இப்படி முடிந்தது உலகத்துக்கே புதிது.

தீர்ப்புக்கு முன்பே பிரிட்டன் பாடம் கற்றிருந்தது. 1863-ல் அதே தளத்தில் தெற்கு மாநிலங்களுக்காகக் கட்டிய இரண்டு இரும்புக் கப்பல்களைப் போகவிடாமல் பிடித்து, பிறகு தானே விலைக்கு வாங்கிக்கொண்டது. 1870-ல் புதிய சட்டம் போட்டது. அதன்படி, நட்பு நாட்டுக்கு எதிராகப் போரில் பயன்படப்போகிறது என்று நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும், கப்பலை நிறுத்தி வைக்கலாம். ஆயுதம் பொருத்தும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சட்டம் பிரிட்டனின் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் பொருந்தியது. அன்றைய சென்னை மாகாணமும் அதில் அடக்கம்.

1907: விதிகள் காகிதத்துக்கு வந்தன

இந்த அனுபவங்களையெல்லாம் சேர்த்து, 1907-ல் ஹேக் நகரில் 13-வது ஒப்பந்தம் எழுதப்பட்டது. கடற்போரில் நடுநிலை நாடுகளின் உரிமைகளும் கடமைகளும்தான் அதன் பொருள். முக்கியமான விதிகளை மட்டும் பார்க்கலாம்:

1. நடுநிலை நாட்டின் கடல் எல்லைக்குள் சண்டை போடக் கூடாது. சுஃப்ரன் செய்தது இப்போது தெளிவாகவே குற்றம்.

2. நடுநிலைத் துறைமுகத்தைத் தாக்குதலுக்கான தளமாகப் பயன்படுத்தக் கூடாது.

3. தன் எல்லைக்குள் போருக்காகக் கப்பல் கட்டுவதையோ ஆயுதம் பொருத்துவதையோ, கையில் உள்ள வழிகளைக் கொண்டு நடுநிலை நாடு தடுக்க வேண்டும். இது 'அலபாமா' விதி.

4. அந்த நாட்டில் வேறு சட்டம் இல்லையென்றால், போரிடும் நாட்டுப் போர்க்கப்பல் அதன் துறைமுகத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. புயலோ பழுதோ இருந்தால் மட்டும் விலக்கு.

5. பழுது பார்க்கலாம்; ஆனால் கடலில் ஓடும் அளவுக்கு மட்டும். சண்டை போடும் பலத்தைக் கூட்டக் கூடாது. ஓட்டையை அடைக்கலாம், பீரங்கியைச் சரிசெய்யக் கூடாது.

6. எரிபொருள், தன் நாட்டின் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்ச்சேரும் அளவுக்குத்தான். ஒருமுறை நிரப்பினால், அதே நடுநிலை நாட்டின் துறைமுகத்தில் அடுத்த 3 மாதத்துக்கு மறுபடி நிரப்ப முடியாது.

7. இரு எதிரிகளின் போர்க்கப்பல்களும் ஒரே துறைமுகத்தில் இருந்தால், ஒன்று கிளம்பி 24 மணி நேரம் கழித்துத்தான் மற்றது கிளம்பலாம். வாசலிலேயே சண்டை வரக் கூடாது என்பதற்காக.

8. போகச் சொல்லியும் போகாவிட்டால், போர் முடியும் வரை கடலுக்குப் போக முடியாதபடி அந்தக் கப்பலை முடக்கலாம். மாலுமிகளையும் அதிகாரிகளையும் தடுத்து வைக்கலாம்.

கடைசி விதிதான் இந்தக் கட்டுரையின் மையம். இப்படித் தடுத்து வைப்பது கைது இல்லை. அந்த மாலுமிகள் போர்க் கைதிகளும் இல்லை. "இந்தப் போர் முடியும் வரை நீ ஆட்டத்தில் இல்லை" என்று உட்கார வைப்பது மட்டும்தான். விதியின்படி செய்தால், கப்பலுக்குச் சொந்தக்கார நாடு இதைப் பகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1779-ல் டச்சு அரசுக்கு இல்லாமல் போனது இந்தப் பாதுகாப்புதான்.

1914: நம்ம 'எம்டன்' வந்த வருடம்

"அவன் சரியான எம்டன்பா!" வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2006-ல் நாசர், பரத், வடிவேலு நடித்து வந்த 'எம் மகன்' படத்துக்குக்கூட முதலில் 'எம்டன் மகன்' என்றுதான் பெயர். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருட்டில் மறைந்தது. சில உயிர்கள் போயின. பயந்துபோய் ஏராளமானோர் ஊரைக் காலி செய்தார்கள். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்தத் தாக்குதலின் நினைவுக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

சென்னை அன்றைக்கு நடுநிலை ஊர் இல்லை. பிரிட்டன் போரில் இருந்ததால், நம்மிடம் யாரும் கேட்காமலேயே நாமும் போரில் இருந்தோம். ஆனால் எம்டன் இங்கே வந்துசேர்ந்த வழியும், அதன் மாலுமிகள் தப்பிய வழியும் நடுநிலைக் கடல் வழியாகத்தான். இன்றைய இந்தோனேசியா அன்றைக்கு டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இந்த முறை நெதர்லாந்து தெளிவாக இருந்தது.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் எம்டன் அந்தத் தீவுகளுக்கு நடுவே நிலக்கரிக் கப்பலைச் சந்திக்கத் திட்டமிட்டிருந்தது. அங்கே எதிரே வந்து நின்றது 'ட்ராம்ப்' என்ற டச்சுப் போர்க்கப்பல். இது நடுநிலைக் கடல், இங்கே தங்கி நிலக்கரி ஏற்ற முடியாது என்பதைத் தெளிவாக்கியது. சண்டை நடக்கவில்லை. எம்டன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் பேசாமல் கிளம்பிப் போனார்.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி', எம்டனை அடித்து நொறுக்கியது. அப்போது கரையில் இருந்த சுமார் 50 மாலுமிகள், லெப்டினன்ட் முக்கே தலைமையில் 'அயேஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். அவர்கள் போய்ச்சேர்ந்தது சுமத்ராவின் பாடாங் துறைமுகம். அதுவும் டச்சு ஊர்தான்.

உடனே கேள்வி வந்தது. அயேஷா போர்க்கப்பலா, வெறும் படகா? போர்க்கப்பல் இல்லையென்றால், அதில் வந்த வீரர்களைப் போர் முடியும் வரை தடுத்து வைத்துவிடலாம். டச்சு அதிகாரிகளுக்கு அதில்தான் விருப்பம். முக்கேவோ, "இது ஜெர்மன் பேரரசின் போர்க்கப்பல். எனக்கு 24 மணி நேரம் உரிமை உண்டு" என்று நின்றார். கெடுவுக்குள் தண்ணீர், உணவு என அளவாக ஏற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டார். பிறகு கடலில் ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலுக்கு மாறி, அரேபியா வழியாக ஊர் திரும்பினார்கள்.

டெக்செல்லில் ஜோன்ஸ் எழுப்பிய அதே கேள்விதான் இது. ஆனால் அங்கே சுமார் 12 வாரம் இழுத்தது. பாடாங்கில் ஒரே நாளில் முடிந்தது. காரணம், நடுவில் விதிப்புத்தகம் ஒன்று வந்திருந்தது. பிரிட்டனுக்கு எரிச்சல் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சாக்காக வைத்து நெதர்லாந்து மீது போர் அறிவிக்கவில்லை. முதல் உலகப் போர் முழுவதும் நெதர்லாந்து நடுநிலையாகவே இருந்து முடித்தது.

போக மாட்டேன் என்றால்?

இரண்டு உதாரணம். 1914 அக்டோபரில் 'கையர்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பழுதோடு ஹோனலுலுவுக்கு வந்தது. அமெரிக்கா அப்போது நடுநிலை. கெடு முடிந்தும் கப்பல் கிளம்பவில்லை. வெளியே ஜப்பானியக் கப்பல்கள் காத்திருந்தன. நவம்பரில் அமெரிக்கா அதைத் தடுத்து வைத்தது. 1917-ல் அமெரிக்காவே போரில் இறங்கியதும், அதே கப்பலை எடுத்துத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது, 1939 டிசம்பர். 'கிராஃப் ஸ்பே' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பிரிட்டிஷ் கப்பல்களிடம் அடிபட்டு உருகுவேயின் மான்டிவிடியோ துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. பழுதுபார்க்க உருகுவே கொடுத்தது 72 மணி நேரம். மீறினால் தடுத்து வைக்கப்படும். வெளியே எதிரி, உள்ளே கெடு. டிசம்பர் 17-ல் கேப்டன் லாங்ஸ்டார்ஃப் கப்பலை வெளியே கொண்டுபோய்த் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். சின்ன நாடான உருகுவேயிடம் அந்தக் கப்பலை எதிர்க்கும் பீரங்கி பலம் இல்லை. கையில் இருந்தது ஒரு விதியும் ஒரு கெடுவும்தான்.

சரி, இன்றைக்கு இந்தியாவில்?

நாளைக்கு எங்கோ ஒரு போர் வெடிக்கிறது, இந்தியா அதில் இல்லை, அடிபட்ட ஒரு போர்க்கப்பல் நம் கரையை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

முதலில் எல்லை. நம் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ., இந்தியாவின் கடல் எல்லை. 1976-ல் இயற்றப்பட்ட கடல் மண்டலச் சட்டப்படி, வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்கள் அமைதியாகக் கடந்து போகலாம். ஆனால் போர்க்கப்பல் என்றால், மத்திய அரசுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நீர்மூழ்கி என்றால் மேலே வந்து கொடியைக் காட்டியபடி போக வேண்டும்.

இரண்டாவது, போர்க்கப்பலுக்குச் சட்ட விலக்கு உண்டு. அது அந்த நாட்டின் மிதக்கும் துண்டு மாதிரி. நம் போலீஸ் ஏறிச் சோதனை போட முடியாது. விதியை மீறினால் "வெளியே போ" என்று சொல்லலாம். ஆனால் போர்க்காலத்தில், 24 மணி நேர விதி போன்றவை வழக்காறாகவே சர்வதேச அளவில் ஏற்கப்பட்டவை. 1994-ல் நிபுணர்கள் தொகுத்த சான் ரெமோ கையேடும் அதையே சொல்கிறது. அந்தக் கையேடு சட்டம் இல்லை, ஆனால் கடற்படைகள் எடுத்துப் பார்க்கிற புத்தகம். ஐ.நா. பாதுகாப்பு சபை ஒரு நாட்டுக்கு எதிராகக் கட்டாய நடவடிக்கை அறிவித்தால், நடுநிலைக் கணக்கே மாறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கப்பல் போர்க்கப்பலாக இல்லாமல், ஆயுதம் மட்டும் இருந்தால்? இதற்கு நம் தூத்துக்குடியிலேயே உதாரணம் உண்டு. 2013 அக்டோபர் 12-ல் 'சீமேன் கார்டு ஓஹையோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கியது. கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்துடையது. கொடி சியரா லியோன். உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், 5,000-க்கும் அதிகமான தோட்டாக்கள். அரசுக் கப்பல் இல்லை என்பதால் விலக்கு எதுவும் இல்லை. ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. 4 ஆண்டுகளுக்கு மேல். அமைதிக் காலத்தில், ஒரு தனியார் கப்பல் விஷயத்தில், நம் நீதிமன்றங்களே மாறி மாறி முடிவெடுத்தன. போர்க்காலத்தில் கிடைப்பது 24 மணி நேரம்தான்.

இந்த விதிகளை யாராவது மதிக்கிறார்களா?

நியாயமான சந்தேகம். பலம் உள்ளவன் மீறுவான், பலம் இல்லாதவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதற்குப் போர்ட்டோ பிராயாவே சாட்சி. உலகப் போர்களில் நடுநிலை நாடுகள் மிதிபட்ட கதைகளும் ஏராளம். 1940-ல் நெதர்லாந்தையே நடுநிலை காப்பாற்றவில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2022 பிப்ரவரிக் கடைசியில், ரஷ்யா–உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், துருக்கி 1936-ம் ஆண்டின் மான்ட்ரூ ஒப்பந்தத்தைக் காட்டி, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குத் தன் நீரிணைகளை மூடியது. சொந்தத் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விலக்கு. இரு பக்கமும் பகைக்காமல் துருக்கியால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், "இது என் விருப்பம் இல்லை, எழுதி வைத்த விதி" என்று சொல்ல ஒரு காகிதம் இருந்ததுதான்.

பலவீனமான நாட்டுக்கு இந்தச் சட்டம் கொடுப்பது பீரங்கி அல்ல; ஒரு காரணம். கெடு வைக்க, வெளியே போகச் சொல்ல, தேவைப்பட்டால் கப்பலை நிறுத்தி வைக்க, அப்படிச் செய்துவிட்டும் சண்டைக்காரன் ஆகாமல் இருக்க ஒரு காரணம். ஆனால் அதைப் பயன்படுத்தும் முடிவை நேரத்துக்கு எடுக்க வேண்டும். டச்சு அரசு எடுக்கவில்லை. பிர்கன்ஹெட் விஷயத்தில் பிரிட்டனும் எடுக்கவில்லை. ஃபைல் வீட்டிலேயே கிடந்தது. பாடாங்கில் எடுத்தார்கள், மான்டிவிடியோவில் எடுத்தார்கள்.

சதுரங்கப்பட்டினத்தை 1784 ஒப்பந்தத்துக்குப் பிறகு டச்சுக்காரர்கள் திரும்பப் பெற்றார்கள். நாகப்பட்டினம் மட்டும் திரும்பவில்லை. ஐரோப்பாவில் மறுபடி போர்கள் வர, ஊரும் மறுபடி கைமாறியது. கடைசியில் 1824 ஒப்பந்தத்தின்படி, 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் போனது. ஒவ்வொரு முறையும் முடிவு எங்கோ எடுக்கப்பட்டது, கொடி இங்கே மாறியது.

அடுத்த முறை ஈசிஆரில் போகும்போது கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் நின்றால், கண்ணுக்கு எட்டுவது சுமார் 5 கி.மீ. தூரம்தான். நம் கடல் எல்லை அதைப் போல நான்கு மடங்கு தள்ளி இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் வரும் கப்பல் எந்தக் கொடியோடு, எந்தப் போரிலிருந்து வருகிறது என்பது கரையில் வலை பிரிக்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. 1781-லும் தெரியவில்லை.